பிறர் எழுதிய வகுப்பில் நம் மெத்தட்

நிரல் எழுதும்போது, நாம் எழுதாத ஒரு வகுப்புக்கு (கிளாஸ்) புதிய மெத்தட், அதாவது அதன் மீது அழைக்கக்கூடிய செயல்பாடு, தேவைப்பட்டால் அதைச் சேர்க்கும் வழியில் நிரல்மொழிக்கு நிரல்மொழி பெரும் வேறுபாடு உண்டு. சி ஷார்ப் 3.0 பதிப்பு 2007-இல் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் மெத்தட், உண்மையில் வகுப்பைத் தொடுவதே இல்லை. ஸ்டேட்டிக் கிளாஸ் ஒன்றில் ஸ்டேட்டிக் மெத்தடை எழுதி, அதன் முதல் பாராமீட்டருக்கு முன் 'திஸ்' என்று குறித்துவிட்டால், அந்தப் பாராமீட்டரின் வகுப்புக்குச் சொந்தமான மெத்தடைப் போலவே புள்ளி வைத்து அழைக்கக் கம்பைலர் அனுமதிக்கிறது. ஆகவே வகுப்பின் பிரைவேட் உறுப்புகள் அதற்கு எட்டா. எந்தப் பொருளையும் சுட்டாத 'நல்' (null) மதிப்பின் மீது அழைத்தாலும் மெத்தட் ஓடத் தொடங்கிவிடும், இது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. அதே பெயரும் பொருந்தும் பாராமீட்டர்களும் கொண்ட மெத்தட் பின்னாளில் அந்த வகுப்பிலேயே வந்துவிட்டால், மறுபடி கம்பைல் செய்ததும் நம்முடையது ஓசையின்றி ஒதுக்கப்படும்.

ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை வேறு. மூடூல்ஸ் என்ற நிரல் நூலகம், எல்லா அர்ரேக்களும் (பட்டியல்கள்) தம் மெத்தட்களைப் பெறும் பொதுப் பொருளான புரோட்டோடைப்பிலேயே 'ஃபிளாட்டன்' என்ற தன் மெத்தடைச் சேர்த்திருந்ததால், அதே பெயரை மொழியே கொண்டுவர முயன்றபோது, 2018-இல் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் பிரபலமான இணையதளம் ஒன்று சரியாக இயங்காமல் போனது. கடைசியில் விட்டுக்கொடுத்தது மொழிதான். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2019 பதிப்பான இஎஸ் 2019-இல் அந்த மெத்தட் 'ஃபிளாட்' என்ற பெயரோடு வந்தது. ரூபி மொழியின் ரிஃபைன்மென்ட் என்ற வசதியோ, பிறர் வகுப்பை மாற்றினாலும், 'யூசிங்' என்று எழுதிய கோப்பு அல்லது மாட்யூலுக்குள் மட்டுமே மாற்றத்தைச் செல்லுபடியாக்குகிறது. பிறர் வகுப்பில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால் நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.