நாடி கிடைக்காத அப்பாவும் வீட்டில் மறந்த பையும்

அப்பாவுக்கு எல்.வி.ஏ.டி. பம்ப், அதாவது பலவீனமான இதயத்துக்குத் துணையாக உடலுக்கு ரத்தத்தைத் தள்ளும் கருவி, வைத்து எட்டு மாதம் ஆகிறது. அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. டாக்டர்கள் செய்தார்கள், பிழைத்து வந்தார். எங்களைப் பாடாய்ப் படுத்தியவை வேறு.

முதல் அடி பல்லில் விழுந்தது. சிறுநீரகம், ஈரல், இதயத்தின் வலது பக்கம் எல்லாவற்றையும் சோதித்துத் தேதியும் குறித்தாகிவிட்டது. பெட்டியோடு போய் நின்ற அன்று, கோப்பைப் புரட்டிய பெண், "பல் டாக்டர் சான்று எங்கே?" என்றார். யாரும் சொல்லவில்லையே என்றேன். பட்டியலின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது, பொடி எழுத்தில். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கிப் பம்பில் குடியேறிவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு, காரணம் நியாயமானதுதான். அதை முன்பே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, ஈறு ஆறுவதற்குப் பன்னிரண்டு நாள். மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கும் மனிதருக்கு அது எத்தனை நீளம் என்று அந்தப் பட்டியலை அச்சடித்தவர் அறிவாரா?

இரண்டாவது கூத்து வீடு திரும்பிய பிறகு. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, பம்ப் வழியே ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே இறங்கவும், பம்பை இயக்கும் வெளிப்பெட்டியான கண்ட்ரோலர் அலறியது. பதறிப்போய் அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தார்; நாடி இல்லை. ரத்த அழுத்தக் கருவி பிழை காட்டியது. இன்னொன்று கொண்டுவந்தார், அதுவும் அப்படியே. முகம் வெளுத்து, நெஞ்சை அமுக்கத் தயாரானபோது அப்பா கண்ணைத் திறந்து, "நான் உயிரோடுதான் இருக்கிறேன், அம்மா" என்றார். பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் துடிப்பு பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. கைப்பட்டையோடு, ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்துத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் எங்கள் பம்ப் குழுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அதன் பிறகுதான் சலைன் ஏறியது. அந்த எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

அத்தனை வாய் பேசிய நான் செய்த காரியம் என்ன தெரியுமா? உபரி கண்ட்ரோலரும் பேட்டரிகளும் இருந்த பையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அப்பாவின் இடுப்பில் இருந்த பேட்டரி ஜோடியில் சார்ஜ் காட்டும் ஒற்றை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தம்பி பையோடு வந்து சேரும்வரை அந்தப் பச்சைப் புள்ளியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. அன்று கை நடுங்கியதால் தம்பிதான் மாற்றினான்.

இப்போது அந்தப் பை வாசல் கதவின் கைப்பிடியில் தொங்குகிறது. அதை நகர்த்தாமல் கதவு திறக்காது.

போன வாரம் அதே மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனோம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்கான ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) பார்க்க. அதே நர்ஸ். மணிக்கட்டைத் தொடவே இல்லை. "உபரிப் பை எங்கே?" என்று என்னைத்தான் கேட்டார். தோளிலிருந்து இறக்கிக் காட்டினேன்.