87 ஓட்டுக் கேள்வி: அமெரிக்க வரலாற்றுத் தாளில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. எம்.ஏ. அமெரிக்க வரலாற்றுத் தாளில் 71. போன வருடம் இதே தாளில் 38 வாங்கி அரியர் வைத்தவள் நான். அம்மாவுக்குப் போன் போட்டேன், பேச்சே வரவில்லை.

என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான்: 1948 டெக்சாஸ் செனட் தேர்தல், 20 மார்க். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் 87 ஓட்டில் ஜெயித்தது நினைவிருந்தது. அதை நவம்பர் பொதுத் தேர்தல் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு தப்பால், ஜான்சனோடு ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே மோதிய கோக் ஸ்டீவன்சன் குடியரசுக் கட்சிக்காரர் ஆகிவிட்டார். நான்கு பக்கமும் வீண்.

அதனால் இந்தத் தாளை எழுதப்போகிறவர்களுக்கு இந்த மூன்று தேதிதான் உயிர்:

ஜூலை 24: ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல். ஸ்டீவன்சன் 71,000-க்கு மேல் முன்னிலை, ஆனால் பாதி ஓட்டைத் தாண்டவில்லை.
ஆகஸ்ட் 28: முதல் இருவருக்கும் மறுசுற்று. 4,94,191-க்கு 4,94,104. அந்த 87 இங்கேதான்.
நவம்பர் 2: பொதுத் தேர்தல். குடியரசுக் கட்சியின் ஜாக் போர்ட்டரை ஜான்சன் சுலபமாக வென்றார்.

அன்றைய டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி சீட்டு கிடைத்தாலே பதவி கிடைத்த மாதிரி. இந்த வரியை முதல் பத்தியிலேயே வையுங்கள். கறுப்பின மக்களைப் பிரைமரியிலிருந்து ஒதுக்கியதை எதிர்த்து 1944-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் டெக்சாஸ் வழக்கில்தான். பிரைமரி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

அப்புறம் மறுசுற்றில் சர்ச்சையான வாக்குப்பெட்டி, பெட்டி 13. ஜிம் வெல்ஸ் கவுண்டி, ஆலிஸ் ஊர். தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து ஜான்சன் கணக்கில் 200 ஓட்டு ஏறியது. பட்டியலைப் பார்த்த ஸ்டீவன்சன் ஆட்கள் சொன்னது: கடைசியில் சேர்ந்த பெயர்கள் எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகர வரிசையில் இருந்தன. ஓட்டுப்போட வருகிறவர்கள் அகர வரிசையிலா வந்து நிற்பார்கள்? எனக்கு இந்தத் தாள் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். ஆனால் "சொன்னார்கள்" என்றே எழுதுங்கள். அந்தச் சாவடியின் தேர்தல் அதிகாரி லூயிஸ் சாலஸ் 1977-ல் மோசடியை ஒப்புக்கொண்டதைத் தனி வாக்கியமாக வையுங்கள்.

விடக்கூடாதவை:

- செனட் என்றதும் நம் மாநிலங்களவை நினைப்பில் எழுதாதீர்கள். 1913-ன் 17-வது அரசியல் சாசனத் திருத்தத்திலிருந்து மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
- 1941 செனட் தேர்தலில் ஜான்சன் 1,311 ஓட்டில் ஓ'டேனியலிடம் தோற்றது. முன்னுரைக்கு இதுதான்.
- தெற்கு டெக்சாஸ் ஓட்டுகளைக் கையில் வைத்திருந்த ஜார்ஜ் பார்.
- மறுசுற்று முடிவை உறுதிசெய்வதில் மாநில ஜனநாயகக் கட்சிக் குழு 29-28 என்று ஜான்சன் பக்கம் நின்றது. ஜான்சன் பெயர் நவம்பர் வாக்குச்சீட்டில் வரக்கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி டேவிட்சன் போட்ட தடையை உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் நிறுத்திவைத்தார். ஜான்சனுக்காக வாதாடியவர்களில் ஏப் ஃபோர்ட்டாஸ் முக்கியமானவர்.
- ஜான்சனின் ஹெலிகாப்டர் பிரச்சாரம் ஒரு வரி போதும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதிகளை மட்டும் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். காலையில் பால் காயும் நேரத்துக்குள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வேன். நோட்ஸ் நாற்பது பக்கம் இருந்தும் பரீட்சை அறையில் கண்முன் வந்தது அந்தச் சுவர்தான்.

இந்த முறையும் அதே தேர்தல் கேள்வி வந்தது. விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் மூன்று தேதியையும் குறித்துக்கொண்டு ஆரம்பித்தேன். 35 நிமிடம் எடுத்துக்கொண்டேன், அது அதிகம். கடைசிக் கேள்விக்கு இரண்டு பக்கம்தான் எழுத முடிந்தது. நீங்கள் 25-ல் நிறுத்திவிடுங்கள்.