நீராவி குன்னூர் வரைக்கும்தான்!

ஊட்டி மலை ரயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நீராவி இன்ஜின் குன்னூரோடு கழன்றுகொள்ளும். அதற்கு மேல் ஊட்டிவரை டீசல்தான். நேற்றுத்தான் போய் வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு வண்டி. முன்பதிவு திறந்ததுமே உட்கார்ந்து பிடித்ததால் இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் வகுப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க மனசு வரவில்லை. குஷன் வேண்டுமானால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மலை எல்லாருக்கும் ஒரே மலைதான்.

கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண ஓட்டம். அப்புறம் ஒரு குலுக்கல், அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம்! இதில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுவதால், கொக்கி கழன்றாலும் பெட்டி உருண்டு ஓடாது. போதாததற்குப் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியோடு.

இந்த ரக இன்ஜினை முதலில் செய்தது சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர் என்ற ஊரில். பின்னாளில் அதே ரகத்தை நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டிவிட்டார்கள். யுனெஸ்கோ 2005இல் கொடுத்த பாரம்பரியப் பட்டத்தைவிட எனக்கு இதுதான் பெருமை.

எரிச்சலும் உண்டு. ஒவ்வொரு குகையிலும் எங்கள் பெட்டியே 'ஓ'வென்று கத்தியது. முதல் குகையில் நானும் சிரித்தேன். மொத்தம் 16 குகை, ஐயா! வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாரும் இறங்கினோம். எதிர் சீட்டுக் குழந்தையின் சிப்ஸ் பாக்கெட்டை ஒரு குரங்கு பறித்து, நிதானமாக ஓரத்தைப் பல்லால் கிழித்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. அந்த நிதானத்துக்கே காசு கொடுக்கலாம்.

குன்னூரில் இன்ஜின் மாற்றும் இடைவெளியில் டீயும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும். வர்க்கியைக் கடித்தால் அடுக்கடுக்காக உதிர வேண்டும், டீயில் முக்கினால் பாதி கரைந்து பாதி நிற்க வேண்டும். இது அப்படியே இருந்தது. இரண்டு தின்றுவிட்டு வீட்டுக்கும் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

அதற்கு மேல் என்ன? வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டீசல் உறுமலில் எனக்குப் பாதி சுவை போய்விட்டது. 1899இல் பாதை குன்னூரோடுதான் நின்றிருந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908இல். நானாக இருந்தால் இன்றைக்கும் குன்னூரிலேயே இறங்கிவிடுவேன்.

காரணம், ஊட்டி ஸ்டேஷன் வாசல். தாவரவியல் பூங்காவுக்கு ஆட்டோக்காரர் கேட்டது 400 ரூபாய்.

"அண்ணா, பக்கத்துலதானே இருக்கு?"

"சீசன் டைமுங்க, திரும்பி வரும்போது காலியா வரணுமில்ல?"

சீசனில் காலியாக எப்படி வருவார் என்று கேட்டேன். பதில் இல்லை. 150க்கு இன்னொருவர் வந்தார். அதுவே அதிகம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

இறங்குவதற்கு ரயிலை நம்ப வேண்டாம், அதற்கும் தனியாக முன்பதிவு, அதற்கும் இதே அடிதடி. ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரசு பஸ் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும் என்பதால் ஏறுவதற்கு முன் அதிகம் சாப்பிடாதீர்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் முறைக்கிறார்.