தாவரவியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் குளத்துக்குப் போங்கள்

நுழைவாயிலில் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் "மொத்தத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடலாம்" என்று கிளம்பும் குடும்பத்தை இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சின்னவன் அப்பா தோளில் தூங்குவான், பெரியவள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பாள், பாட்டி பெஞ்சை விட்டு எழமாட்டார். வழக்கமான பூங்காவில் நடப்பதுபோல் இங்கேயும் நடந்ததால் வந்த வினை இது.

கூட்டத்திலேயே மிகச் சிறிய கால் எதுவோ, அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போட வேண்டும். நான்கு வயதுக் குழந்தை நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. மூன்று மணி நேரத்துக்கு நான்கு இடங்கள் போதும்: குளம், கண்ணாடிக்குடில், கள்ளித் தோட்டம், ஒரு பெரிய மரம். வழியில் கண்ணில் படுவதெல்லாம் உபரி. பையில் இவை இருக்கட்டும்: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, துணி அளவுநாடா, ஒட்டும் டேப் ஒரு சுருள். டேப் எதற்கென்று கள்ளித் தோட்டத்தில் தெரியும்.

குளம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அல்லி வகைகளில் பகலில் பூப்பவை காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். இரவில் பூப்பவை அந்தியில் விரிந்து மறுநாள் காலை வெயில் ஏறும்வரை தாங்கும். காலையில் சீக்கிரம் போனால் இரண்டையும் ஒருசேரப் பார்க்க வாய்ப்புண்டு. சாப்பாடெல்லாம் முடித்து மாலை மூன்று மணிக்குப் போனால் மொட்டுபோல் மூடிய பூக்களைத்தான் பார்ப்பீர்கள்.

அல்லிக்கும் தாமரைக்கும் வித்தியாசம் சொல்ல இலையே போதும். அல்லி இலை நீரில் படுத்திருக்கும், ஒரு பக்கம் காம்புவரை வெட்டுப்பட்டிருக்கும். தாமரையின் முதிர்ந்த இலை நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும். வெட்டு கிடையாது, காம்பு நடுவில் சேரும். கரையிலிருந்து எட்டும் தாமரை இலை ஒன்றில் பாட்டில் தண்ணீரை நாலைந்து சொட்டு விட்டுப் பாருங்கள் (குழந்தையின் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது). சொட்டு பரவாது, உருண்டையாகத் திரளும். காற்றில் இலை அசைந்தால் நடுப்பள்ளத்துக்கு ஓடி மற்றச் சொட்டுகளோடு சேரும், போகிற வழியில் தூசியையும் வழித்துக்கொண்டு போகும். இலைப்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருப்பதால் நீருக்கு ஒட்டப் பிடிமானம் இல்லை. சில இலைகளில் நீர் ஒட்டிக்கொள்ளும். அது பழைய இலை, மெழுகு தேய்ந்துபோயிருக்கும். பக்கத்து இலையில் முயன்று பாருங்கள்.

தாம்பாளம்போல் விளிம்பு மடங்கிய அமேசான் ராட்சத அல்லி இருந்தால் அடிப்பக்கத்தைத் தேடுங்கள். தோட்டக்காரர்கள் சில இடங்களில் ஓர் இலையைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தடித்த நரம்புகள் உத்தரம்போல் ஓடும், முள்ளும் இருக்கும். பூ முதல் மாலை வெள்ளையாக விரிந்து, வாசனையும் வெப்பமும் விட்டு வண்டுகளை இழுக்கும். பிறகு அவற்றை உள்ளே வைத்தே மூடிக்கொள்ளும். மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறந்து, மகரந்தம் பூசி அனுப்பிவைக்கும்.

இனி பெயர்ப்பலகை. பார்வையாளர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான், எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். இங்கே ஒவ்வொரு செடிக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அதன் சுருக்கம்தான் பலகையில் இருக்கிறது. மாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கிஃபெரா என்பது பேரினம், இண்டிகா என்பது சிற்றினம், பின்னால் நிற்கும் 'எல்' என்ற ஒற்றை எழுத்து அந்தப் பெயரை 1753இல் வெளியிட்ட தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிக்கும். அனகார்டியேசி என்பது குடும்பம். முந்திரிப் பலகையிலும் அதே குடும்பப் பெயர் இருக்கும். பெயர்களுக்கு நடுவே பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். மூலையில் பொடியாக ஓர் எண் இருக்கும். பல தோட்டங்களில் அதன் முதல் நான்கு இலக்கங்கள் அந்தச் செடி பதிவேட்டில் ஏறிய ஆண்டு. தங்களைவிட வயதில் மூத்த செடியைத் தேடச் சொல்லிவிட்டால், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: பலகை மரத்துக்கா, அதன்மேல் படர்ந்த கொடிக்கா, அடியில் பரவிய செடிக்கா என்று பாருங்கள். படம் எடுக்கும்போது பலகையை முதலில் எடுத்து, செடியை அடுத்து எடுங்கள். மாற்றி மாற்றி எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து எது எதன் பெயர் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

வெயில் நாளில் கண்ணாடிக்குடிலை உச்சிவேளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளியே குளிராக இருந்தால் உள்ளே நுழைந்ததும் கேமரா லென்ஸில் நீராவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், உள்ளிருக்கும் வெப்பத்துக்கு வந்துவிடும்.

இங்கே பெரிதாக்கும் லென்ஸுக்கு நிறைய வேலை. முக்கால்வாசிப் பேர் துப்பறிவாளர் மாதிரி கையை நீட்டிப் பிடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, பார்க்கும் பொருளை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் படம் பளிச்சென்று நிற்கும். இலையைப் பறிக்க முடியாதே, அதனால் நீங்கள்தான் குனிய வேண்டும். பெரணி இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். நோயோ பூச்சி முட்டையோ அல்ல, வித்துத்தூள் பைகளின் கொத்து. பூச்சியுண்ணும் செடிகளிடம் மட்டும் குழந்தைகளின் விரலைத் தள்ளி வையுங்கள். வீனஸ் பூச்சிப்பொறியின் உணர்முடிகளை இருபது விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் பொறி மூடும். வேடிக்கைதான், ஆனால் ஒரு பொறியால் சில முறைதான் மூடித் திறக்க முடியும், பிறகு காய்ந்துவிடும். கை பரபரக்கும் பிள்ளையைத் தொட்டாச்சிணுங்கியிடம் கூட்டிப்போங்கள். அது பதினைந்து இருபது நிமிடத்தில் நிமிர்ந்துவிடும்.

வெனிலாக் கொடி கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நிற்கலாம். அது ஓர் ஆர்க்கிட். பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அதைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்த எட்மோன் அல்பியுஸுக்கு அப்போது வயது 12, அடிமை வாழ்வில் இருந்த சிறுவன்.

கள்ளித் தோட்டத்தில் நம் மொழியே ஒரு குழப்பம் வைத்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி இரண்டையும் 'கள்ளி' என்கிறோம். இவை சொந்தமே இல்லை. முன்னது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த காக்டஸ் குடும்பம், பின்னது ஆமணக்கின் குடும்பம். முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். பஞ்சுபோன்ற சிறு திட்டிலிருந்து கிளம்பினால் முதல் வகை. திட்டு இல்லாமல் முள் இரட்டை இரட்டையாக நின்றால், கீறினால் பால் வடியும் வகையாக இருக்கலாம். கீறிப் பார்க்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல் வரும். உடனே சுத்தமான நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளைவிட, திட்டில் இருக்கும் மயிர்போன்ற சுணைதான் மோசம். நுனியில் கொக்கி இருப்பதால் தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். கையைத் துடைக்காமல் டேப்பை ஒட்டி, விருட்டென்று இழுங்கள். நாலைந்து முறை செய்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

கடைசியாகப் பெரிய மரம். ஒரு குச்சியைக் கைநீளத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து முஷ்டி எவ்வளவு தூரமோ, முஷ்டிக்கு மேலே குச்சி அவ்வளவு நீளம் நிற்க வேண்டும். மரத்தின் அடி முஷ்டியிலும் உச்சி குச்சி முனையிலும் பொருந்தும்வரை பின்னால் நடங்கள். அங்கிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் ஏறக்குறைய மரத்தின் உயரம். குடைபோல் விரிந்த மரத்தில் நமக்கு நேரே நீட்டியிருக்கும் கிளையை உச்சி என்று எண்ணிவிடுவோம், உயரம் கூடுதலாக வரும். சரிவான தரையிலும் கணக்கு தப்பும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். வேலி போட்ட மரமென்றால் சுற்றளவை விட்டுவிடுங்கள். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, ஆயிரம் கால் மிதித்தால் மண் இறுகி அவற்றுக்குக் காற்று போகாது.

குழந்தை ஏதாவது இலையையோ விதையையோ மென்றுவிட்டால் வாயைத் துடைத்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் செடியின் பலகையைப் படம் எடுத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அறிவியல் பெயர் கையில் இருந்தால் அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

வெளியேறும் முன் எல்லோருடைய பாக்கெட்டையும் கவிழ்த்துப் பாருங்கள். எப்படியும் விதை இருக்கும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி இருந்தால் முதலில் அதை வாங்கிவிடுங்கள், மென்றால் கொடிய நஞ்சு. காலுறையில் ஒட்டிய முள்விதைகளைப் பிய்த்து, செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு உங்கள் வீட்டுத் தொட்டியில் பெயர் தெரியாத களை ஒன்று முளைக்கும், பலகை எதுவும் இல்லாமல்.