துலாம்பெனில் எதில் சிக்கனம், எதில் கூடாது

பாலித் தீவின் வடகிழக்கு ஓரம், துலாம்பென். இங்கே டைவிங் (கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது) வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களுக்குத் தோதான கரை இது, ஏனென்றால் படகு வேண்டாம். டைவிங் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது படகுதான். இங்கேயோ கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே லிபர்ட்டி வந்துவிடும். அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கியபின் இழுத்துவந்து இந்தக் கரையில் தரைதட்ட வைத்தார்கள். 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது, நில நடுக்கத்தில் கடலுக்குள் சரிந்துவிட்டது. மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்திலேயே தென்படும், அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகும்.

பகல்நேரக் கூட்டம் தெற்கிலிருந்து வேன்களில் வருவது. விடியும் முன்பே இறங்க வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும். இரவைக் கப்பலுக்குள் கழித்துவிட்டுப் நெற்றி புடைத்த பெரிய பம்ப்ஹெட் கிளிமீன்கள் கூட்டமாகக் கிளம்பும் நேரம் அது. இங்கே மலிவான ஹோம்ஸ்டேயில் தங்குபவர்களுக்குக் கிடைப்பது தெற்கே சொகுசு ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கஷ்டமெல்லாம் கரையில்தான். எரிமலை தந்த கரிய உருண்டைக் கற்கள், அலை பின்வாங்கும்போது காலடியில் உருளும். நல்ல டைவர்களே இங்கே தடுமாறுவார்கள். தடித்த அடியுள்ள பூட்ஸ் போடச் சொல்வேன்; ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளை) கையில் பிடித்துக்கொண்டு நடந்து, மிதக்கும் ஆழம் வந்தபின் மாட்டச் சொல்வேன். அதே கற்களின் மேல் ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, டைவர்களின் காற்று டேங்கைச் சுமந்து, சர்வசாதாரணமாக நடந்துபோவார்கள். அவர்கள் கூலியில் பேரம் பேசுபவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை?

சிக்கனம் பிடிக்கக் கூடாத அடுத்த இடம், பயணத்தின் கடைசி நாள். பல நாள் டைவ் செய்த நம்மூர்ப் பையன் ஒருவன் கெஞ்சினான்: "அண்ணா, காலையில ஒண்ணே ஒண்ணு. ராத்திரிதானே ஃபிளைட்?"

முடியாது என்றேன். தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஆழத்தில் மூச்சிழுக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரே போய்க் காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாகித் திசுக்களில் சிக்கும்.

"சரி, அப்போ அகுங் ஏறிட்டு வரேன்."

அதுவும் ஆகாது. 3,000 மீட்டர் மலை. உடம்புக்கு மலையும் விமானமும் ஒன்றுதான். பட்ஜெட்டில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள் என்று முன்பதிவின்போதே சொல்கிறேன், ஆனால் முதலில் வெட்டப்படுவதும் அந்த நாள்தான்.

அவனை ஆமெட் பக்கம் அனுப்பினேன். தென்னை மரத்தைக் குடைந்த தொட்டிகளில் கடல்நீரைக் காயவைத்து உப்பெடுப்பார்கள். கொஞ்சம் தள்ளி, பான்யுனிங் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் ஜப்பானியக் கப்பல் என்று சொல்லப்படும் சின்னக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. ஸ்நார்க்கல் (மூச்சுக் குழாய்) போட்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம். டேங்க் வாடகையும் மிச்சம் என்றதும்தான் பையன் முகம் தெளிந்தது.