அப்பாவின்ர அஞ்சு குதிரை

நேத்தும் பொல்கொட ஏரி. மூண்டாவது ஞாயிறு. வெள்ளவத்தையில இருந்து காலி வீதியால மொறட்டுவ போய்ச் சேரவே சீவன் போயிடும், அதில அம்மான்ர காலடியில பெற்றோல் ரேங்க், என்ர மடியில புட்டுச் சட்டி.

அண்ணா லண்டனில இருந்து காசு அனுப்பி வாங்கிக் குடுத்த, வள்ளத்தில பூட்டுற அஞ்சு குதிரைவலு மோட்டர், பென்சனியருக்கு பொழுதுபோக வேணுமாம். அப்பா வல்வெட்டித்துறை ஆள், சும்மாவே ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938ல அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த கதையை காஸ் சிலிண்டர் கொண்டுவாற தம்பி வரைக்கும் சொல்லி முடிச்சவர். அப்பிடிப்பட்ட பரம்பரை பொல்கொடையில கரையில இருந்து கூப்பிடு தூரத்தில மிதந்துகொண்டு நிக்குது.

மோட்டரின்ர வருத்தம் இதுதான். ஒரு இழுவையில ஸ்டார்ட் ஆகும், அஞ்சு நிமிசம் ராசா மாதிரி ஓடும், பிறகு இருமி இருமி இழுவைப்பட்டு நிண்டிடும். அப்பா ரேங்க் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கோ எண்டு பாப்பார், இருக்கும், மூடுவார், பிள்ளையாரே எண்டு கயிறை இழுப்பார், ஓடும். திரும்ப அஞ்சு நிமிசம்.

வித்த கடைக்கு கோல் எடுத்தா, புது எஞ்சின் முதல் பத்து மணித்தியாலம் முழுசா முறுக்கக் கூடாது எண்டினம். சரி, முறுக்காமலே நிக்கிதே அதுக்கென்ன எண்டு கேக்க முதல் லைன் கட். மூண்டாம் மாடி அங்கிள் அளவு நாடாவோட வந்து, தண்ணிக்குள்ள இறங்கிற மோட்டர்க் கால் பதினஞ்சு இஞ்சியோ இருபது இஞ்சியோ, அதின்ர நுனியில சுத்துற காத்தாடிக்கு மேல இருக்கிற தகடு வள்ளத்தின்ர அடியோட மட்டமா நிக்க வேணும் எண்டு ஒரு மணித்தியால வகுப்பு. அளந்தா எல்லாம் மட்டம். அத்தான் காத்தாடியில ஆத்துவாழை சிக்கியிருக்கும் எண்டார், குனிஞ்சு பாத்தவர் கண்ணாடியை ஏரிக்குக் குடுத்திட்டு வந்தார். மெக்கானிக் பாஸ் ஒராள் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி ஊதிப்போட்டு ரெண்டாயிரம் வாங்கினார்.

அதுக்குப் பிறகுதான் மோட்டரை ஓட்டிப் பாக்க எங்கட ஃபிளாட் பார்க்கிங்கில ட்ரம் வைச்சது. நீல ட்ரம் முட்டத் தண்ணி, விளிம்பில பலகை, பலகையில மோட்டர். அருமையா ஓடிச்சுது, பின்னால குளிர்த்தண்ணி சின்னப்பிள்ளை ஒண்டுக்கு இருக்கிற மாதிரி பீச்சுது, அப்பாவுக்கு சந்தோசத்தில கியரையும் போட்டுப் பாக்கோணும் எண்டு வந்திட்டுது. அரை ட்ரம் தண்ணி கமிட்டி செயலாளற்ற காருக்கு மேல. கடிதம் வந்திட்டுது, அதைப்பற்றி வேற ஒருநாள் எழுதுறன்.

நேத்து வள்ளக்காரத் தம்பி தானும் ஏறினான். நிண்ட உடன அவன் மோட்டரைத் தொடேல்ல, பெற்றோல் குழாயில இருக்கிற கறுப்பு ரப்பர் பந்தைத்தான் பிடிச்சுப் பாத்தான். சூப்பிப்போட்ட மாம்பழக் கொட்டை மாதிரி சப்பையாக் கிடந்துது. ரேங்க் மூடியில இருக்கிற ஒரு குட்டித் திருகைத் திருப்பினான். உஸ்ஸ்ஸ் எண்டு ஒரு பெருமூச்சு. காத்து உள்ள போக வழியில்லாம ரேங்க் பெற்றோலை உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கு, பிறகெப்பிடி மோட்டர் குடிக்கும். மூடியைத் திறக்க திறக்க ஓடினது பிள்ளையார் இல்லை, காத்து.

"ட்ரம்மில ஓடேக்க நான் அதைத் திறந்துதானே வைச்சனான், ஆர் பூட்டினது?" எண்டு அப்பா கரையைப் பாத்துக் கத்துறார்.

கரையில அம்மா புட்டுக்கு வாழைப்பழம் உரிச்சுக்கொண்டு, "நான்தான். ஒவ்வொருமுறையும் காருக்குள்ள மணம் தாங்கேலாம இறுக்கிறனான். நீங்கள் எங்க இதெல்லாம் கவனிக்கிறியள்?"

மூண்டு கிழமை. ரெண்டாயிரம். அத்தான்ர கண்ணாடி.

திரும்பி வரேக்க ரத்மலானைச் சந்தி சிவப்பு லைற்றில பெற்றோல் மணம் தூக்குது, அம்மான்ர கை மூடிக்குப் போய் நிண்டுது. அப்பா கார்க் கண்ணாடியால பாத்தார், நான் மூச்சு விடேல்ல.

"இறுக்கப்பா, தலையிடிக்கப் போகுது உனக்கு. வாற கிழமை வள்ளத்தில நீயும் ஏறு, ஏறினோண்ண திறந்து விடு."

தண்ணியில கால் வைக்கமாட்டன் எண்டு முப்பது வருசமாச் சொன்ன மனுசி, "தொப்பி ஒண்டு வாங்கித் தாங்கோ" எண்டா.