பாராட்டு என்று எழுதும்போது

அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால் பாராட்டு மடல் எழுதுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. ஆவணக் காப்பறையில் இருந்த பெரியவருக்கு எழுதியபோது 'அயராத உழைப்பும் தன்னலமற்ற சேவையும்' என்று தொடங்கியிருந்தேன். விழா முடிந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, போன வருஷம் போனவருக்கும் இதே வரிதான். அந்த மடலோட நகலை நான்தான் கோப்பில வச்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வாழ்த்து, இனி வரப்போகும் நாட்களுக்கானது. நல்லா இருக்கணும் என்பதன் எழுத்து வடிவம். அதனால்தான் மூத்தவரை வாழ்த்தச் சொன்னால் இளையவர்கள் தயங்கி, வணங்குகிறேன் என்று முடித்துக்கொள்கிறார்கள். போற்றுதல் இறைவனுக்கே அதிகம் புழங்கிய சொல். கூட வேலை பார்த்தவர் மேல் வைத்தால் அவரே கூச்சப்படுவார். புகழ்ச்சியில் முகத்துதியின் வாடை எளிதில் ஏறிவிடும்.

பாராட்டு அப்படியில்லை. நட்பு பாராட்டுகிறோம், உரிமை பாராட்டுகிறோம், பகைகூடப் பாராட்டுகிறோம். பிள்ளையைச் சீராட்டிப் பாராட்டி வளர்க்கிறோம். எல்லாவற்றிலும், ஒன்றைப் பொருட்டாக நினைத்து மனத்தில் வைத்திருப்பது இருக்கிறது. 994ஆம் குறள் 'பண்புபா ராட்டும் உலகு' என்கிறது. நன்மை செய்து பிறருக்குப் பயன்பட வாழ்பவரின் பண்பைத்தான் உலகம் பாராட்டுகிறது. சரி, அந்தப் பண்பு இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் நான் எதைப் பாராட்டினேன்? பெரியவர் முப்பது வருடம் அந்த அறையில் என்ன செய்தார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லையே.

அடுத்து ஓய்வு பெற்றவர், சம்பளப் பட்டியல் போடும் மேடம். எழுதுமுன் இரண்டு நாள் அவருடைய பிரிவில் எல்லோரிடமும் பேசினேன். மடலில் இப்படி எழுதினேன்: 'புதிதாகச் சேர்ந்த மூன்று பேரின் விவரங்கள் கடைசி நாள் மாலையில் வந்தன. அவர்களுடைய முதல் சம்பளம் தள்ளிப்போகக் கூடாதென்று இரவு வரை உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினார். அதைப் பாராட்டுகிறோம்.' அடைமொழி ஒன்றுகூட வைக்கவில்லை.

வாசிக்கும்போது அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பேர் இல்லப்பா, நாலு பேர்" என்றார். நான்கு பெயர்களையும் சொன்னார். மறுநாள் மடலைத் திருத்தி, சட்டம் போட்டுக் கொடுத்தேன்.